கார்ட் ஐயாவும் கரவன் வயரிங்கும்

தண்டவாளம் இல்லாத ஊரில் ரயில் ஓட்டிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கார்ட் ஐயாதான். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, குடாவின் தெற்குக் கரையில் இருந்தது எங்கள் ஊர். ரயில் நிலையம் அக்கரையில். அதன் சத்தம்கூட இக்கரைக்கு வராது. ஆனாலும் காலையும் மாலையும் ஐயா கட்டிலில் கிடந்தபடி விசில் ஊதி, பச்சைக் கொடியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஏதோ ஒரு ரயிலை அனுப்பிவைப்பார்.

ரயில்வே கார்டாக இருந்து இளைப்பாறியவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இரண்டு கால்களையும் முழங்காலோடு கொண்டுபோய்விட்டது. அதற்காக அவர் வருந்தியதை நான் காணவில்லை. "கார்ட் எப்பவும் குந்தி இருந்துகொண்டுதான் போறவன், பிள்ளை," என்பார்.

அந்த விசிலால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் பக்கத்து வளவு முட்டைக்கார மாமி.

"உந்த மனுசன் ஊதினால் என்ர கோழியள் முட்டையை உள்ளுக்கு இழுக்குதுகள்," என்று வேலிக்கு மேலால் சொல்லுவார்.

"கோழியளைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்துறன்," என்பார் ஐயா.

"நீங்கள் முதல்ல போங்கோ. கோழி பிறகு வரும்."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு வெளிநாட்டு வைத்தியர்கள் சிலர், வான் வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும், சக்கரம் வைத்த சிறு வீடு ஒன்றோடு வந்தார்கள். கரவன் என்றார்கள். அதற்குள் வைத்து மருந்து கட்டினார்கள். சண்டை மறுபடி தொடங்கியதும் போய்விட்டார்கள். கரவனும், எஞ்சின் பழுதாகிப்போன அவர்களுடைய வானும் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால் நின்றன. கரவனுக்குள் இருந்த வயர்களில் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டன.

ஐயா யாரையும் கேட்காமல் முடிவெடுத்தார். "ஓட வேண்டி வந்தால் நடக்க ஏலாத ஆக்கள் எல்லாரும் இதில. தவத்தின்ர உழவுமெசின் இழுக்கும். வயரிங்கைப் பிள்ளை பார்க்கும்."

பிள்ளை என்றது என்னை. ரவுனில் மின்சார டிப்ளோமா முடித்துவிட்டு, பாதை பூட்டப்பட்டதால் வீட்டில் இருந்தேன். வேலை கிடைத்த சந்தோசத்தில் முறையாகத் தொடங்கினேன். கர்ப்பிணிகளுக்காக ஒரு லைற். செய்தி கேட்க ரேடியோ. ஐயாவின் முதுகில் படுக்கைப் புண் வந்திருந்ததால் அவர் தலைமாட்டில் ஒரு சின்ன ஃபேன். மின்சாரத்துக்கு வானின் பற்றரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பியூஸ். கடதாசியில் எல்லாம் அழகாக இருந்தது. வயர்தான் இல்லை.

எங்கள் பக்கத்துக்குச் சோதனைச் சாவடி தாண்டி வயரோ பற்றரியோ வராத காலம் அது. ஒருவர் சுவர் மணிக்கூட்டுக்கு ஒரு பற்றரி கொண்டுவரப் பார்த்து, அரை நாள் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். ஆகவே வானின் குடலை உருவினேன். எலிகள் மிச்சம் விட்டதையும் சேர்த்தேன். லைற்றுக்கும் ரேடியோவுக்கும் போக, ஃபேனுக்கு மட்டுமட்டாகக் காணும்.

ஐயா என் வயரிங் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மணி எங்க?"

"என்ன மணி ஐயா?"

"கார்ட் மணி. பின்னால நான் அடிச்சால்தான் முன்னால அவன் வெளிக்கிடுறது."

"அதுக்கு மெசின் வரைக்கும் வயர் இழுக்க வேணும். ஃபேனை விட்டால்தான் காணும்."

"ஃபேனை விடு."

"புண்ணுக்குக் காத்து வேணுமெண்டு நேர்ஸ் சொன்னவ."

"காத்து ஜன்னலால வரும். மணி ஜன்னலால வராது."

பக்கத்தில் நின்ற டிராக்டர்காரத் தவம் அண்ணா சிரித்தார். "தட்டினால் எனக்குக் கேக்கும்தானே ஐயா. பஸ்ஸில தட்டுறேல்லையே?"

ஐயா சிரிக்கவில்லை. முந்தின சண்டையில் ஊரே ஒரு லொறியில் ஏறி ஓடிய கதையைச் சொன்னார். வழியில் லொறி நின்றபோது அவருடைய மனைவி தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு இறங்கினார். அவர் திரும்புவதற்குள் லொறி வெளிக்கிட்டுவிட்டது. பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. அன்று லொறியில் இருந்த எல்லோரும் நிற்பாட்டச் சொல்லித் தட்டினார்கள். ஆளுக்கு ஒரு தட்டு. ஆனால் முன்னால் இருந்தவனுக்குக் கேட்டது தொடர்ந்து தட்டுகிற சத்தம். போ, போ என்று விளங்கிக்கொண்டு இன்னும் வேகமாக விட்டான்.

"நானும் தட்டினனான்," என்றார் ஐயா. "கார்ட் வேலை பார்த்தவன், நானும் சேர்ந்து தட்டினனான்."

அதன் பிறகு அந்த அம்மாவை ஒருவரும் காணவில்லை. நான் படத்தில் ஃபேனை வெட்டினேன்.

அடுத்த பிரச்சினை மணி. உழவுமெசின் போடுகிற சத்தத்தில் வீட்டு மணி எதுவும் கேட்காது. வானில் ஒன்று இருந்தது. வான் பின்னுக்குப் போகும்போது, வெள்ளைக்காரி ஒருத்தியின் குரலில், "கவனம், இந்த வாகனம் பின்னுக்கு வருகிறது," என்று இங்கிலிஸில் கத்துகிற பெட்டி. அதை மெசினின் மட்கார்டில் பூட்டி, சுவிச்சை ஐயாவின் கையில் கொடுத்தேன். முதல் தரம் அமத்தியபோது தவம் அண்ணா பிரேக் பிடித்து, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"இவள் பின்னுக்கு எண்டெல்லோ சொல்லுறாள்."

"அவள் என்னத்தையும் சொல்லட்டும். அவள் கதைச்சால் நீ முன்னுக்குப் போ."

"இதென்ன நியாயம் ஐயா?"

"வீட்டில நீ செய்யிறதுதானே தம்பி."

ஓட வேண்டிய நாள் ஒரு காலையில் வந்தது. அக்கரையிலிருந்து செல் குண்டுகள் வந்து விழத் தொடங்கின. நடக்க ஏலாதவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கரவனில் அடைத்தோம். நான் மெசினின் மட்கார்டில் ஏறிக்கொண்டேன். எல்லோரும் ஏறியாயிற்று என்று நினைத்தபோது, முழங்கால் வாதக்காரியான முட்டைக்கார மாமி இறங்கிப் போனது தெரிந்தது. கோழிக் கூட்டைத் திறந்துவிடப் போயிருந்தார்.

ஐயா சுவிச்சை அமத்தவில்லை.

ஒரு செல் சங்கக்கடையில் விழுந்தது. கரவனுக்குள் பிள்ளைகள் வீரிட்டார்கள். "அமத்துங்கோ ஐயா," என்று கெஞ்சினார்கள். பிறகு திட்டினார்கள். "ஒரு கிழவிக்காக எல்லாரும் சாகிறதே?" என்று ஒருவர் கேட்டார். ஐயா சுவிச்சை மடிக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அப்போது யாரோ கரவன் சுவரில் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தகரம் அதிர்ந்தது.

நான் தவம் அண்ணாவைப் பார்த்தேன். கியரில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது. மெசின் நகரவில்லை. வெள்ளைக்காரி இன்னும் வாய் திறக்கவில்லை.

மாமி வந்தார். இரண்டு கோழிகளைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியபடி, நொண்டி நொண்டி வந்தார். கைகள் இறங்கி அவரை உள்ளே இழுத்தன.

"ரிக்கற் இல்லாத கோழி ஏறக்கூடாது," என்றார் ஐயா.

"வாயைப் பொத்தும்," என்றார் மாமி, மூச்சு வாங்க.

ஐயா தலைகளை ஒருமுறை கண்ணால் எண்ணினார். அமத்தினார். இந்த வாகனம் பின்னுக்கு வருகிறது என்று வெள்ளைக்காரி உரக்க அறிவிக்க, நாங்கள் முன்னுக்குப் போனோம்.

தெற்கே வெருகல் ஆற்றுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். தகரக் கூரை. மின்சாரம் இல்லை. வழி நெடுகிலும் கொதித்த கரவனில் ஐயாவின் புண் பெருத்துவிட்டது. அங்கே அது ஆறவேயில்லை. காலையில் முட்டைக்கார மாமி முட்டை அடுக்குகிற மட்டையால் அவருக்கு விசிறுவார். "மெல்ல, மெல்ல. நான் என்ன அடுப்பே?" என்பார் ஐயா. "அடுப்பெண்டால் ஒரு உபயோகமாவது இருக்கும்," என்பார் மாமி. ஆனால் மட்டையை வேறு யாரிடமும் எளிதில் கொடுக்கமாட்டார்.

மாரி தொடங்குவதற்கு முதல் ஐயா போய்விட்டார்.

அவர் இருந்தவரை, பின்னேரங்களில் விசிறுவது என் முறை. சீராக விசிறினால் அவர் நித்திரையாகிவிடுவார். எனக்கு அவருடைய கதை இன்னும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் கை நோகிறது என்று சொல்லி, விட்டு விட்டுத்தான் விசிறினேன்.