பன்னிரண்டாவது விதி

“எல்லாம் பார்த்தாச்சா?”

இருசப்பன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். கேட்ட விதத்தில் தனபாலனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பார்த்தாச்சு மாமா. ஏறுங்க.”

“பின்னாடி?”

“பின்னாடியும் பார்த்தாச்சு.”

பார்க்கவில்லை. தன் வாழ்நாளில் தனபாலன் எதையும் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டு வருசத்துக்கு முன்னால், தாலி கட்டப் போகும்போது, மணவறைப் பந்தல்காலை நாலு தடவை பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் உட்கார்ந்தான். மாமனார் இருசப்பன் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர். “இவன் தாலி கட்ட வந்தானா, பந்தலுக்கு லைசென்ஸ் குடுக்க வந்தானா?” என்று சபையிலேயே கேட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் தனபாலனுக்கு ‘மாப்பிள்ளை’ என்ற சொல் வந்ததே இல்லை. நேரில் ‘இந்தாப்பா’. மற்றவர்களிடம் ‘நவமணி புருசன்’. பிரேக் பிடிக்காத லோரியை ஓட்டிக்கொண்டு திரியும் மூத்த மருமகன் மட்டும் வாய் நிறைய மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மோட்டார் போட்டே. ரவாங் பேக்டரியில் இரண்டு வருசம் ஓவர்டைம் பார்த்து, பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனரிடம் எஞ்சினோடு வாங்கியது. நேற்று ஆயுத பூசைக்காக மாமியார் வேலம்மாவோடு வந்து இறங்கிய இருசப்பன், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னிலையில் போட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

“கரையில கட்டி வச்சு சந்தனப் பொட்டு வைக்கத்தான் இது லாயக்கு.”

“நாளைக்கு உங்களையே அக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் மாமா, வர்றீங்களா?”

அத்தனை பேரும் இருசப்பனைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “போலாம்லா” என்றார்.

அக்கரை என்பது சும்மா இல்லை. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து உண்டான ஏரி அது. பெயர்தான் ஈயக்குட்டை. ஆழம் எவ்வளவு என்று தோண்டிய வெள்ளைக்காரனுக்கே தெரியாது. காலையில் கண்ணாடியாகக் கிடக்கும். மத்தியானம் எந்தப் பக்கத்துக் காற்று அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே தனபாலன் சும்மா இருப்பானா? எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, பாதுகாப்பு விதிகள் பன்னிரண்டைத் தமிழில் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் இன்று காலையில் காணவில்லை. நவமணி அதைப் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களோடு அடுக்கி, பூப்போட்டு, சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

“ஒரே நிமிசம் நவமணி, பார்த்துட்டு வச்சிடறேன்.”

“பூசையில வச்ச புத்தகத்தைத் தொடறதா? நல்லா இருக்கே! நாளைக்குக் காலையில எடுங்க.”

பன்னிரண்டையும் மனத்திலிருந்தே சொல்லிப் பார்த்தான். லைஃப் ஜாக்கெட், துடுப்பு, விசில், பெட்ரோல், வானம், காற்று என்று பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது வரவே இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஏரிக்கரையில் நின்றபோதுதான் மாமனாரின் கேள்விகள் ஆரம்பித்தன.

லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தான். இருசப்பன் மறுபேச்சில்லாமல் மாட்டி, மூன்று வாரையும் இறுக்கிக்கொண்டு, “இன்னொண்ணு இருக்கா?” என்றார். கிண்டல்தான், வேறென்ன! தனபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் கயிற்றை இழுத்தான். எஞ்சின் தலையில் சாமந்தி மாலை. போட்டின் முன் முனையில் எலுமிச்சம்பழம். கரையில் நவமணி கையசைத்தாள். போட் புறப்பட்டது.

இருசப்பன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தன் சாமர்த்தியத்தைப் பார்க்கக்கூட அவருக்கு மனசில்லை என்று தனபாலனுக்கு வருத்தமாகப் போயிற்று.

நடு ஏரியை நெருங்கும்போது, கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார். “தண்ணி வருதா பாரு.”

“தண்ணி எப்படி மாமா வரும்? சும்மா பயமுறுத்தாதீங்க.”

“அந்தப் பின் மூலையில பாரு.”

தனபாலன் பார்த்தான். பலகைத் தளத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் பன்னிரண்டாவது விதி ஞாபகத்துக்கு வந்தது. கரையில் இருக்கும்போது மழைத்தண்ணீர் வடிய, போட்டின் பின்பக்கம் அடியில் ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறக்குமுன் அதன் பித்தளை மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் தீபாராதனை காட்டும்போது, தாம்பாளத்தில் ஸ்பேனருக்குப் பக்கத்தில், பூவுக்கு அடியில், பித்தளையாக ஏதோ மின்னியது. குங்குமச் சிமிழின் மூடி என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டான்.

“ஐயையோ! மூடியைக் கும்பிட்டுட்டு வந்துட்டேன் மாமா!”

இருசப்பன் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் இவ்வளவு பெரிய அதிர்ச்சியைத் தனபாலன் பார்த்ததே இல்லை.

“பார்க்கலையா? நிசமாவே நீ பார்க்கலையா?”

பதில் சொல்ல நேரம் ஏது? தனபாலன் தளப்பலகையைப் பெயர்த்துத் தூக்கிவிட்டு, தோள் துண்டைத் துளையில் திணித்தான். வந்த தண்ணீர் அதை அவன் முகத்திலேயே துப்பியது. வேகமாக ஓட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதே துளை வழியாக வெளியே போய்விடும் என்று சீனர் சொன்னது ஞாபகம் வர, எஞ்சினை முழு வேகத்துக்குத் திருகினான். முனை தூக்கியது. முன்னால் இருந்த இருசப்பன் சறுக்கிக்கொண்டு வந்து பின்னால் அவன் மடியில் உட்கார்ந்தார். பின்பக்கம் அமிழ்ந்தது. எஞ்சின் தலையிலிருந்த சாமந்தி மாலை நழுவித் தண்ணீரில் விழுந்து, எஞ்சினுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ள, எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

“எலுமிச்சம்பழம் மாமா! அதை எடுங்க!”

“சாமி பழம்டா அது!”

“சாமிகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணுமா? எடுங்க!”

இருசப்பன் முனை வரை தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்த பழத்தைத் துளையில் வைத்து, துடுப்பின் பிடியால் ஓங்கி அடித்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், கச்சிதமாகப் பொருந்தியது. தண்ணீர் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ஆள் எதையும் ஒரு தடவையோடு விடுகிறவனா? இறுகியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு அடி அடித்தான். பழம் வெடித்தது. சாறு இருசப்பனின் இரண்டு கண்ணிலும் பீய்ச்சியது. அவர் அலறிக்கொண்டு கையை வீச, துடுப்பு ஏரிக்குள் போயிற்று.

சரியாக அந்த நேரம் பார்த்து கோலசிலாங்கூர்ப் பக்கமிருந்து காற்று வந்தது. முதல் அலை இடுப்பை நனைத்தது. இரண்டாவது அலைக்கு, போட் அலுங்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து, அடிவயிற்றைக் காட்டிக் கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் இருசப்பன் தனபாலனின் கழுத்தை ஒட்டுண்ணி மாதிரி பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் புலம்பல் நிற்கவில்லை.

“பந்தல்காலை நாலு தடவ ஆட்டினியேடா! இதை ஒரு தடவ பார்க்கக் கூடாதா?”

மூங்கில் தெப்பத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சோமு, தனபாலன் ஊதிய விசில் சத்தம் கேட்டு வந்து, இருவரையும் கவிழ்ந்த போட்டோடு சேர்த்துக் கட்டி, கரைக்கு இழுத்து வந்தான்.

கரையில் லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் திரண்டு நின்றார்கள். இருசப்பன் ஜாக்கெட்டைக் கழற்ற மறுத்து, மணலில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தனபாலனுக்கு அழுகை அழுகையாக வந்தது. போட் போனால் போகட்டும். இனி ஏழு ஜென்மத்துக்கும் அந்த ஒரு சொல் கிடைக்காது. ஆத்திரமெல்லாம் நவமணி மேல் திரும்பியது.

“அந்த மூடியைக் கொண்டுபோய்த் தாம்பாளத்துல வைப்பியா நீ? அதென்ன பொட்டு வைக்கிற சாமானா?”

“எந்த மூடி?” நவமணி விழித்தாள். “நான் எந்த மூடியையும் தொடலியே!”

அப்போதுதான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த வேலம்மா, கையில் கரண்டியோடு ஓடி வந்தார். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த போட்டைப் பார்த்தார். கரண்டி மணலில் விழுந்தது.

“என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? இந்த மனுசனுக்குத் தண்ணின்னாலே உசுரு போற பயமாச்சே! ‘நம்ம மாப்பிள்ளை ஒண்ணுக்கு நாலு தடவ பார்க்காம போட்டைத் தண்ணியில இறக்கமாட்டாரு, பயணம் தானா நின்னுடும்’னு அடிச்சுச் சொல்லித்தானே, நேத்து சாயந்திரம் இவரே அந்த மூடியைக் கழட்டிக்கிட்டு வந்து பூவுக்கு அடியில ஒளிச்சு வச்சாரு!”