அறுநூற்றுப் பதினான்கு குறைகள்

இனிமேல் கம்ப்யூட்டர் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் உத்தரவு போட்டார். உத்தரவு கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குப் போய், மிக்ஸி சத்தத்தில் காணாமல் போயிற்று. அதனால் இன்னொரு தடவை போட்டார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"பழசுலேருந்து புதுசுக்கு எல்லாத்தையும் நானே மாத்துவேன். முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேசலைங்க."

"இதோ பேசறியே!"

அவருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும்.

மின்விசிறித் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். விசிறி ஆடுகிறதா, உரசுகிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று பார்த்து, குறை எண், தேதி, நேரம், விவரம் என்று நான்கு கட்டத்தில் எழுத வேண்டும். பழகின கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. பதினொரு வருஷமாக மனைவிக்கும் அதே நான்கு கட்டம் போட்டுக் கம்ப்யூட்டரில் எழுதி வந்தார்.

குறை எண் 88: என் மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வைத்து, எங்கே வைத்தோம் என்று மறந்தது.

குறை எண் 303: நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்காமல், அதையே தன் அண்ணன் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தது.

இப்படி அறுநூற்றுப் பதினான்கு. அந்தக் கோப்புக்கு 'தண்ணீர் மோட்டார் வாரண்டி' என்று பெயர் வைத்திருந்தார். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் திறக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் நம்பிக்கை.

நாளைக்கு அந்த அண்ணன் வருகிறார். வக்கீல். போன தடவை வந்தபோது சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "என் தங்கச்சி மேல ஒரே ஒரு தப்பை ஆதாரத்தோட காட்டுங்க மாப்பிள்ளை, நான் வாயை மூடிக்கறேன்" என்று சவால் விட்டுப் போனவர். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் இவர் காதை விட்டுப் போகவில்லை. நாளைக்கு ஆதாரம் காட்டப் போகிறார். புதுக் கம்ப்யூட்டரில், பெரிய திரையில், ஒன்றாம் எண்ணிலிருந்து.

பழைய கம்ப்யூட்டருக்குள் விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. "வாயை மூடு" என்று அதையும் அதட்டிவிட்டு, திரையில் கோப்புப் பெயர்களோடு இருந்த குட்டிப் படங்களை எல்லாம் மொத்தமாக இழுத்துப் பென் டிரைவில் போட்டார். மனைவியின் 'ஸ்வெட்டர் பின்னல் பாடங்கள்' மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தக் குப்பையை யார் சுமப்பது?

"முடிஞ்சுடுச்சு! நாப்பதே செகண்டு!"

"அவ்வளவு சீக்கிரமாவா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஓர் அலமாரியை இடம் மாற்றவே ஒரு நாள் போய்விடும் என்று அறிந்தவள்.

"உனக்கு ஒரு நாள் ஆகும். எனக்கு நாப்பது செகண்டு."

"பழசை ஒரு வாரம் அப்படியே வெச்சிருக்கலாமேங்க?"

"ஏன், என் மேல சந்தேகமா?"

அந்த வேகத்திலேயே 'எல்லாவற்றையும் அழி' என்பதை அழுத்தினார். 'நிச்சயமாகவா?' என்றது கம்ப்யூட்டர். "இதுவும் என்னையே கேள்வி கேக்குது பார்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிக் குத்தினார். பதினொரு வருஷம் துடைத்துவிட்ட மாதிரி போயிற்று.

புதியதில் பென் டிரைவைச் செருகி, மோட்டார் வாரண்டியைத் திறந்தார். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. மறுபடி திறந்தார். இல்லை. மேஜையைத் தட்டினார். அப்போதும் இல்லை. அவர் போட்ட கூச்சலில், மேல்வீட்டில் குடியிருக்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் அரைகுறைச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"சார், இதெல்லாம் கோப்பு இல்லை, வெறும் ஷார்ட்கட். நீங்க வீட்டைத் தூக்கிட்டு வரலை. வீட்டுக்கு வழி காட்டற போர்டை மட்டும் கழட்டிட்டு வந்திருக்கீங்க."

"அப்ப வீடு?"

"அதைத்தான் இடிச்சிட்டீங்களே."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்படி என்ன சார் இருந்துச்சு அதுல?"

"தண்ணி மோட்டார் வாரண்டி."

"அதுக்கா அழறீங்க?" எக்ஸ்ரேக்காரர் அவரை ஊடுருவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதிச் சவரத்துக்கு மாடியேறினார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாரண்டிதானே? பத்திரமா இருக்குங்க. வியாழக்கிழமை லீவு போட்டிருந்தேனே, அன்னிக்கே எல்லாத்தையும் புதுசுல ஏத்தி என் பேர்ல தனியா ஒரு இடத்துல வெச்சிட்டேன்."

"அதைச் சொல்றதுக்கென்ன உனக்கு?"

"ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னீங்களே."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் பாதியிலேயே நின்றது.

"தொறந்து... பாத்தியா?"

"பாக்காம எப்படி அடுக்கறது? இருநூத்திப் பன்னண்டும் முந்நூத்தி நாப்பதும் ஒரே குறை. ஒண்ணை எடுத்துட்டேன். எண்பத்தெட்டுல சொன்ன தேதிக்கு நான் ஊர்லயே இல்லை, கண்ணாடியைத் தொலைச்சது நீங்கதான். அதையும் எடுத்துட்டேன். இப்ப அறுநூத்திப் பன்னண்டு. நாளைக்கு அண்ணன்கிட்ட தாராளமா காட்டுங்க."

"கோபமில்லையா உனக்கு?"

"எனக்கென்னங்க கோபம்? உங்க கோப்பு ரெண்டே நிமிஷத்துல ஏறிடுச்சு" என்றாள் அவள், சமையலறைக்குத் திரும்பிக்கொண்டே. "உங்களைப் பத்தி நான் எழுதின ஸ்வெட்டர் பின்னல் பாடம்தான் ஏறி முடிய மத்தியானம் பூரா ஆச்சு."