பத்துக்கு நாலு

“நாலாம்! என் பொண்ணுக்குப் பத்துக்கு நாலு மார்க்காம்!”

லிஃப்ட் மெக்கானிக் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. மகளுக்கு இருபத்தாறு வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளுடைய அடையாள அட்டைப் படத்தை எவனோ திருடி, முகத்துக்கு மார்க் போடும் ஒரு குழுவில் ஏற்றிவிட்டான். கீழே, ‘அளவுகோல்’ என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘மூக்கு அகலம். தாடை போதாது. 4.’

“தாடை போதாதா? எதுக்குடா போதாது? தேங்கா உரிக்கவா?”

“அப்பா, நான் புகார் குடுத்துட்டேன். விட்டுடுங்க” என்றாள் மகள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் லேசாகக் கம்மியிருந்தது. அது போதும் அவருக்கு.

அன்றே குழுவில் சேர்ந்தார். ‘அக்கா தங்கச்சியோட பொறக்கலையாடா நீங்க?’ என்று தட்டினார். போகவில்லை. புது ஆட்கள் ஐம்பது முகங்களுக்கு மார்க் போட்ட பிறகுதான் பேசலாமாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது பேருக்கும் பத்துப் பத்தாகப் போட்டார். அடுத்த நிமிடம் எச்சரிக்கை வந்தது: ‘வள்ளல்களுக்கு இங்கே இடமில்லை. மூன்று நாள் தடை.’

தடை முடிந்து உள்ளே போனால், மகளுடைய மார்க் மூன்றரை ஆகியிருந்தது. அளவுகோல்தான் திருத்தியிருந்தான்.

“மூணரையா!” இந்த முறை லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கத்தினார். ஒன்பது மாடிக்கும் கேட்டது.

விதிமுறையை முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு படத்தை நீக்க வேண்டுமானால் நடுவராக வேண்டும். நடுவராக வேண்டுமானால் கறாராக மார்க் போட வேண்டும். காரணமும் எழுத வேண்டும்.

கறார்தானே? போட்டார். நான்கு. மூன்றரை. ‘நெற்றி மேடு.’ மூன்று. ‘உதடு கோணல்.’ ஒரு மில்லிமீட்டர் சாய்வைக் கண்ணாலேயே பிடிப்பவர் அவர். ‘அண்ணன் கண்ணே கண்ணு!’ என்று குழு கொண்டாடியது. அவமானமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

பின்னால் வந்து நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க இந்தப் பொண்ணு?”

“யாரோ.”

“யாரோவா? அதுக்கு ஏன் ரெண்டரை போடறீங்க?”

“நம்ம பொண்ணுக்காகத்தான்டி போடறேன்!”

“நம்ம பொண்ணு கேட்டாளா?” அவள் ஃபோனைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள். “ச்சீ! இனிமே என்கிட்ட பேசாதீங்க.”

அன்றிலிருந்து தட்டை ‘ணங்’ என்று வைத்துவிட்டுப் போனாள். மகள் அதுவும் செய்யவில்லை.

ஒரு வாரத்தில் நடுவர் பதவி வந்தது. நீக்கும் பொத்தானை ஓங்கிக் குத்தினார். ‘இந்த முகத்துக்கு ஆகக் குறைந்த மார்க் போட்டவர் சம்மதிக்க வேண்டும்’ என்றது அது.

அளவுகோல்!

‘டேய், அவ என் பொண்ணு. ஆம்பளையா இருந்தா நேர்ல வாடா’ என்று எழுதினார். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: ‘வரேன். பஸ் நிலையம், மூணாம் நடைமேடை.’

பெரிய ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மீசை முளைத்த ஏதோ ஒரு தடியனைத் தேடினார். பெஞ்சில் இருந்ததோ காக்கிச் சட்டை போட்ட, அறுபதைத் தொடும் ஒரு கண்டக்டர். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பல நாள் தூங்காத கண்கள்.

“நீதானாய்யா அளவுகோல்? பொண்ணைப் பெத்திருந்தா தெரியும்யா உனக்கு!” அவர் கை பைக்குள் போனது.

கண்டக்டர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“நானும் என் பொண்ணு படத்தை எடுக்கத்தான் சார் அங்க சேர்ந்தேன், அவளுக்கு ரெண்டரை போட்ட நீங்க சம்மதிச்சாதான் எடுக்க முடியுமாம்.”