கால் மறையும் கயாக்

கூச்சம் உள்ளவர்கள் ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். செருப்புக்கடைக்காரர் "அளவாய் இருக்குத்தானே அம்மா?" என்று கேட்டால், "ஓம்" என்று சொல்லிவிட்டு, விரல்களை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருகிற ஆள் நான். (அந்தச் செருப்பை ஒரு வருடம் போட்டேன். கடைசியில் செருப்புத்தான் விட்டுக்கொடுத்தது.) துணிக்கடையில் முதலில் எடுத்துப் போடுகிற சேலைதான் எனக்குப் பிடித்த சேலை. மற்றதையும் விரிக்கச் சொன்னால் மடிக்க அவர்களுக்குக் கஷ்டம் அல்லவா?

அப்படிப்பட்ட நான், அறுபத்தாறு வயதில், ஒரு கயாக் தேர்ந்தெடுக்கப் போனேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். வெளியில் திறக்காத வாய், சாமிப்படத்துக்கு முன்னால் மட்டும் அளவில்லாமல் திறக்கும். ஓமந்தையில் கலியாணம் செய்து இருக்கிற என் மகள் யசோவுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் கட்டிலோடு வைத்துவிட்டார்கள். நான் அம்மனிடம் நேர்த்தி வைத்தேன். "அம்மாளாச்சி, இரண்டு உயிரையும் சுகமாய்ப் பிரித்துத் தா. உன் திருவிழாவில் எங்கள் உபயத்தன்று நானே குளத்துக்குப் போய், என் கையால் தாமரை பறித்து, மத்தியானப் பூசைக்கு முன்னம் கொண்டுவந்து தருவேன்."

பூ தருவேன் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். 'என் கையால்' என்றும், 'பூசைக்கு முன்னம்' என்றும் எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. அம்மன் தன் பக்கத்து வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்துவிட்டா. பேத்தி சுகமாகப் பிறந்தாள். இனி என்னுடைய முறை.

குளத்தில் மீன் பிடிக்கிற கந்தசாமி அண்ணையின் வள்ளத்தை நம்பித்தான் நான் அவ்வளவு பெரிதாகப் பேசியிருந்தேன். திருவிழா நேரம் பார்த்து அண்ணை கண்ணில் புரை வெட்ட வவுனியாவுக்குப் போய்விட்டார். வள்ளம் தார் பூசிக் கவிழ்த்தபடி கிடந்தது. பங்குனி மாதமாகியும் குளத்தில் தாமரைப் பக்கம் கழுத்தளவு தண்ணீர். முதலை இல்லை என்று ஊரே சொல்லும். ஆனால் அப்படிச் சொல்கிற ஒருவரும் முதலில் இறங்கமாட்டார்.

மிஞ்சியது சுகந்தன். வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர். இரணைமடுக் குளம் பார்க்க வருகிற சனம் எங்கள் குளத்தடிக்கும் வரத்தொடங்கியதும், குளக்கட்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில் போட்டு, கயாக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கயாக் என்றால் ஒல்லியான சின்னப் படகு. இரண்டு நுனியிலும் அகப்பை பூட்டிய மாதிரி ஒரு துடுப்பு இருக்கும். அதால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வலிக்கவேண்டும்.

உபயத்தன்று, எங்கள் குடும்பச் செலவில் பூசை நடக்கிற அன்று, காலையில் முழுகித் தோய்ந்து, மஞ்சள் சேலை கட்டி, விரதத்தோடு கொட்டிலுக்குப் போனேன். சுகந்தனுக்கு என்னைக் கண்டதில் பெரிய சந்தோசம். அதுவரைக்கும் ஊர்ச்சனத்தில் ஒருவரும் அவரிடம் கயாக் கேட்டுப் போனதில்லை.

"அன்ரி, வாங்கோ, வாங்கோ. கயாக் எண்டது ஆளுக்கு ஏத்தமாதிரி எடுக்கவேணும். முதல் உங்கட தேவை என்னண்டு சொல்லுங்கோ. தூரம் போறதோ, கிட்டத்தானோ? தனியவோ? சாமான் ஏத்துறதோ?"

ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கு முன்னால் நின்றதுபோல நின்றேன். (அதோடு பள்ளிக்கூடம் போகாமல் விட்டதற்கு அவரும் ஒரு காரணம்.) தாமரை பறிக்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலன் குறைந்துவிடுமோ என்று ஒரு பயம்.

"ஓம்" என்றேன்.

"எதுக்கு அன்ரி ஓம்?"

"எல்லாத்துக்கும்."

"நீந்தத் தெரியுமோ?"

அதற்கும் ஓம் என்றுதான் தலை ஆடியது. நல்லகாலம், அவர் என் தலையை நம்பவில்லை. ஒரு செம்மஞ்சள் மிதவைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலால் இறுக்கிப் பூட்டச் சொன்னார். பூட்டி முடிந்ததும், குனிந்தால் என் கால் எனக்குத் தெரியவில்லை.

நாலு கயாக் வரிசையில் கிடந்தன. முதலாவது காற்றடித்த ரப்பர். தாமரைத் தண்டில் முள் இருக்கும், குத்தினால் போய்விடும் என்று அதைக் கழித்தேன். (அன்று முழுக்க நான் செய்த புத்தியான காரியம் இது ஒன்றுதான். ஆகவே எழுதிவைக்கிறேன்.) இரண்டாவது சிவப்பு, இரண்டு பேர் இருக்கலாம்.

"இதில நீங்கள் முன்னுக்கு இருங்கோ, நான் பின்னுக்கு இருந்து வலிக்கிறன்" என்றார் சுகந்தன்.

குளக்கட்டால் சனம் பொங்கல் பானையோடு கோயிலுக்குப் போகிற நேரம். ஒரு அந்நிய ஆம்பிளையோடு நான் படகில் போவதா? (அவருக்கு என் மகளின் வயது. என்னைப் பற்றி ஊர் என்ன கதை கட்டும் என்று நினைத்தேனோ, இன்று யோசித்தால் எனக்கே சிரிப்பு.)

மூன்றாவது மஞ்சள். தட்டம் மாதிரி அகலம். மேலே ஏறி இருந்து காலை நீட்டவேண்டும்.

"உங்களுக்கு இதுதான் அன்ரி. சும்மா தள்ளினாலும் பிரளாது. பூவோ புல்லோ என்னத்தையும் போடலாம்."

அவர் சொன்னது எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் என் மனதில் ஓடியது வேறு. மேலே இருந்து காலை நீட்டினால் சேலை எவ்வளவு தூரம் ஏறும்? குளக்கட்டில் இருந்து பார்த்தால் எதுவரைக்கும் தெரியும்? அதுவும் பூமணி மச்சாள் பார்த்தால்? பூமணி மச்சாள் என்பவ என் கணவரின் அக்கா. ஊரில் நடக்கும் ஒன்றும் அவவின் கண்ணுக்குத் தப்பாது. கண்டது வாய்க்கும் தப்பாது.

அப்போதுதான் நாலாவதைக் கண்டேன். நீலம். நீளமாய், ஊசி மாதிரி. மேலே முழுக்க மூடி, நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் இறங்கி இருந்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கிட்டப் போய், சந்தையில் மண்சட்டியைத் தட்டுகிற மாதிரி மடக்கிய விரலால் தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம், வெடிப்பு இல்லை.

"இது காணும், இதுவே போதும்" என்றேன்.

"ஐயோ அன்ரி, அது பழகின ஆக்களுக்கு. சரியான ஆட்டம். உள்ளுக்குப் போனால் வெளியில வாறதுக்கும் ஒரு பழக்கம் வேணும்."

"இதில கால் மறையுமோ?"

சுகந்தன் என்னை ஒரு கணம் பார்த்தார். "கால் மறையும்" என்றார். "ஆனால் அன்ரி, கயாக்கை அதுக்காக ஒருத்தரும் எடுக்கிறேல்லை."

கூச்சக்காரர் எதற்கும் ஓம் சொல்வார்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. ஒரு முடிவு எடுத்துவிட்டோமானால் அதை மாற்றிச் சொல்லவும் கூச்சமாக இருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. நீலத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பெருமூச்சு விட்டு, கயாக்கின் பின்பக்கத்தில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மற்ற நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். மாட்டை மேயவிடுகிற மாதிரி என்னைக் குளத்துக்குள் விட்டார்.

உள்ளே இறங்கும்போதே சேலையின் முன் மடிப்பான கொய்யகம் எதிலேயோ மாட்டியது. அதுவும் நல்லதுதான், சேலை ஏறாது என்று நினைத்தேன்.

தாமரைவரைக்கும் போய்விட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். துடுப்பை நான் போட்டது பாதி, காற்று தள்ளியது பாதி. முதல் பூவைப் பறித்தபோது கண் கலங்கியது. பேத்தியின் முகம் மாதிரி இருந்தது. அந்தப் பூவை வைக்க இடம் தேடினேன். இடமே இல்லை! கால் மறைகிற கயாக்கில் எல்லாம் மறைந்துதான் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. மூடிக்கு மேலே வைத்தேன். வழுக்கி விழுந்தது. அதைப் பிடிக்கச் சரிந்தேன். கயாக்கும் என்னோடு சேர்ந்து சரிந்தது. தண்ணீர் என் முகத்துக்குக் கிட்ட வந்து, விசாரித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"அம்மாளாச்சீ!" என்று நான் கத்திய கத்து குளக்கட்டு முழுக்கக் கேட்டது. அதுவரைக்கும் என் குரல் இப்படி இருக்கும் என்று ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"முன்னுக்கு லாஸ்டிக் இருக்கு அன்ரி! அதுக்குள்ள செருகுங்கோ!" சுகந்தன் கரையில் இருந்து கத்தினார்.

பார்த்தால், மூடிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுபடுகிற லாஸ்டிக் கயிறு. ஒவ்வொரு பூவாகப் பறித்துச் செருகினேன். குளக்கட்டில் சனம் கூடிவிட்டது. பொங்கல் பானைகளை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று.

"உது ஆர்? எங்கட தம்பியின்ர மனுசியே? எடி தங்கம், வீட்டில ஏதும் பிரச்சினையோடி?"

பூமணி மச்சாள்.

சுகந்தன் கயிற்றை இழுக்க, பின்பக்கமாகவே கரைக்கு வந்து சேர்ந்தேன். "இறங்குங்கோ அன்ரி" என்றார். இறங்கப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. கால் இரண்டும் விறைத்துப்போய், என்னுடையவையா என்றே தெரியவில்லை. சேலைக் கொய்யகம் உள்ளே கால் மிதிக்கிற கட்டையில் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மிதவைச் சட்டை ஓட்டையில் போத்தல் மூடி மாதிரி இறுகி நின்றது. சுகந்தன் ஒரு கையையும் மச்சாள் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். நான் எழும்பினேன். கயாக்கும் என்னோடு எழும்பியது.

"சேலையை வெட்டுவம்" என்றது யாரோ ஒரு ஆம்பிளைக் குரல்.

"வேண்டாம்!" என்றேன். இரண்டாம் தரமாக என் குரல் ஊருக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. மத்தியானப் பூசைக்கு ஆயத்த மணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூ கையில் இருக்கிறது, நான் கயாக்கில் இருக்கிறேன், கோயில் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது. அம்மன் இரண்டு உயிரைப் பத்திரமாக வெளியில் எடுத்துத் தந்தா. நான் என் இரண்டு காலை வெளியில் எடுக்கமுடியாமல் இருக்கிறேன்.

கோயிலுக்குத் தண்ணீர் ஏற்றப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர்க் கை உழவு இயந்திரத்தில் வந்த என் கணவர் கூட்டத்தைக் கண்டு நிறுத்தினார். நிதானமான மனுசன். என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மணிச் சத்தத்தைக் கேட்டார்.

"இஞ்சாரப்பா, உதுக்குள்ள சுகமோ?"

"சுகமில்லை. ஆனா பூசைக்கு முன்னம் குடுக்கவேணும். என்ர கையால. நேத்தி" என்றேன். கடைசியில் வாய் திறந்து என் தேவை என்ன என்று சொல்லிவிட்டேன். (சுகந்தன் தலையில் கை வைத்தது எனக்குத் தெரிந்தது.)

என் கணவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அவவை இறக்காதேங்கோ. ஏத்துங்கோ."

ஆறு பேர் தூக்கினார்கள். லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் நீலக் கயாக், அதற்குள் நான், எனக்கு முன்னால் வரிசை வரிசையாகத் தாமரை. கயாக் பெட்டியை விட நீளம் என்பதால் இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. துடுப்பை வாங்க எல்லோரும் மறந்துபோனார்கள். அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மச்சாள் பக்கத்தில் ஏறி என் முதுகைத் தாங்கிக்கொண்டா. வழியெல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தா.

கோயில் வீதியில் மேளக்காரர்கள் வேப்பமர நிழலில் இருந்தார்கள். தூரத்தில் பூவோடு ஒரு வாகனம் அசைந்து அசைந்து வருவதைக் கண்டதும், ஏதோ எழுந்தருளுகிறது என்று எழும்பி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சனம் விலகி வழி விட்டது. இரண்டொருவர் கும்பிட்டும்விட்டார்கள். (அதில் ஒருவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் "அந்தக் கும்பிடைத் திருப்பித் தாங்கோ" என்று கேட்பார்.) நான் குனிய இடமில்லாமல், பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளந்தாலும் கயாக்கோடு உள்ளே போக ஏலாது.

ஐயர் தட்டத்தோடு வாசலுக்கு வந்தார். தட்டத்தை நீட்டினார். லாஸ்டிக்கில் இருந்து ஒவ்வொரு பூவாக எடுத்து, என் கையால், அதில் வைத்தேன். கடைசிப் பூவை வைக்கவும் கண்டாமணி அடிக்கவும் சரியாய் இருந்தது. வாசலுக்கு நேரே பெட்டி நின்றதால் தீபாராதனையை எல்லோர் தலைக்கும் மேலால் பார்த்தேன். அவ்வளவு வடிவாக அம்மனின் முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூசை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றி நாலு சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். மச்சாள் கயாக்குக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுக் கொய்யகத்தை அவிழ்த்தா. மற்றவர்கள் என் கக்கத்தில் பிடித்து ஒரே இழுவை. நான் வெளியில் வந்தேன். சேலை உள்ளே நின்றுவிட்டது. உள்பாவாடையும் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. எந்தக் காலை மறைக்க நான் அந்த நீலத்தை எடுத்தேனோ, அந்தக் கால் இரண்டும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்தன.

மச்சாள் குனிந்து பார்த்தா.

"இந்தக் கொக்குக் காலுக்கோடி இவ்வளவு மறைப்பு?"

மறைப்புப் பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் சேலைகள் கீழே விழுந்தன. என்னவென்று தெரியாது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரத வயிற்றோடு, தாமரை மணத்தோடு, வயிறு நோகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சாமான் வாங்க முடியாது. யசோ பிரிட்ஜ் பார்க்கப் போனால் "அம்மாவைக் கேள், கால் மறையுமோ எண்டு" என்பார் மருமகன். என் கணவர் புது மண்வெட்டி வாங்கினாலும் அதே கேள்வி. மச்சாளின் பேரனுக்குப் பெண் பார்த்த இடத்தில்கூட யாரோ மெல்லக் கேட்டு, காரணம் தெரியாத சம்பந்தி வீட்டார் முகம் கறுத்துப்போனார்கள். சுகந்தனும் விடவில்லை. வருகிறவர்களிடம் தூரமோ, தனியவோ என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "கால் மறையவேணுமோ?" என்று கேட்கிறாராம். (இப்போதெல்லாம் எங்கள் உபயத்துக்கு நான் மஞ்சளில்தான் போகிறேன், காலை நீட்டிக்கொண்டு. குளக்கட்டில் நின்று மச்சாள் கொக்கு, கொக்கு என்று கூப்பிடுவா.)

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம். பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து வாங்க. கடைக்காரர் ஒரு சோடியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். அவள் அதைத் தூக்கி, மடக்கிய விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"மாமா, இதில கால் மறையுமோ?"

"ஓம் பிள்ளை, வடிவா மறையும்" என்றார் அவர்.

யசோ சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி சரியான கடையில் கேட்கப்பட்டது அன்றைக்குத்தான்.