பாட்டில்னுதானே சொன்னேன்

மூணு மாச மழைக்கால விரதம் தொடங்குன அன்னிக்கு, தாய்லாந்துல நகோன் பத்தோம் பக்கத்துக் கால்வாய்க்கரையில பாதி ஆம்பளைங்க சாராயத்தை விட்டாங்க. பூன்மாவுக்குச் சாராயம் ஒத்துக்காது. அதனால அவன் பொண்டாட்டி லம்துவான் அவனைப் புத்த பிக்கு முன்னாடி உக்கார வச்சு, மீன் சண்டையை விடச் சொன்னா.

அதுக்கு அவன் கிட்னியைக் கேட்டிருக்கலாம், குடுத்திருப்பான். ஞாயித்துக்கிழமையானா மீன் சண்டை நடக்குற ரைஸ் மில் கொட்டகையிலதான் அவனுக்குக் குடித்தனம். வீட்டுல நாப்பது பாட்டில், நாப்பது ஆண் மீன், ஒண்ணோட மூஞ்சி ஒண்ணுக்குத் தெரியாம இருக்க நடுவுல அட்டை. வீட்டு முன்னால இருக்கிற நூடுல்ஸ் கடையில வேகுறது லம்துவான் மட்டும்.

பூன்மா பயபக்தியா கும்பிட்டான். மூணு மாசம் என் வீட்டுல ஒரு பாட்டில்லகூட சண்டை மீன் இருக்காதுன்னு சொன்னான். பாட்டிலை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னான்.

முப்பத்தொம்போது மீனைக் கூட்டாளி சக்டாகிட்ட குடுத்தான். நாப்பதாவது மீன் பேரு இடி. கருநீலம், கண்ணுல கொலைவெறி. விரதம் முடியிற அன்னிக்குப் பெரிய போட்டி, இடி இல்லாம போனா பூன்மாவுக்கு ஊர்ல மூஞ்சி இல்ல. அதை நேரா கடையில இருந்த கண்ணாடித் தொட்டிக்குக் கொண்டு வந்தான். அதுல லம்துவான் கப்பி மீனும், தரை மேயுற மீசைக்கார மீனுமா வளர்த்துட்டிருந்தா.

"இது என்னங்க?"

"அழகுக்கு. பாட்டில்னுதானே சொன்னேன்? இது தொட்டி."

"கடிச்சு வைக்காதா?"

"பழக்குற விதத்துல பழக்கினா எல்லாரோடயும் பழகும்."

லம்துவான் சிரிச்சா. அங்கயே அவன் பயந்திருக்கணும்.

அன்னிக்குப் பூரா பூன்மா வாத்தியார். முதல்ல மத்த மீனுக்கெல்லாம் வயிறு முட்டத் தீனி. அப்புறம் கல்லு, செடி எல்லாத்தையும் இடம் மாத்தினான். யார் கையிலயும் பட்டா இல்லன்னா எல்லைத் தகராறு வராதாம். இடியைப் பாட்டிலோட அரை மணி நேரம் தொட்டியில மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியை ஒவ்வொரு கரண்டியா ஊத்தி, விளக்கை அணைச்சு, உள்ள விட்டான். லம்துவான் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவ மாதிரி பக்கத்துல நின்னு எல்லாத்தையும் மனசுல வாங்கிக்கிட்டா.

இடி ஒரு சுத்து சுத்துச்சு. ஒரு கப்பியை முறைச்சுது. அப்புறம் தண்ணியில போட்டிருந்த காஞ்ச பாதாம் இலைக்கடியில போய்ப் படுத்துக்கிச்சு. பூன்மாவுக்கு உள்ளுக்குள்ள குஷி. தினமும் அவ காய்கறி வாங்கப் போற நேரமா பாத்து, முகம் பாக்கிற கண்ணாடியைத் தொட்டிகிட்ட காட்டுவான். இடி தன்னையே எதிரின்னு நெனச்சு செவுளை விரிச்சு ஆடும். இப்படி மூணு மாசம் கசரத்து. கடைசி வாரம் இடி தண்ணி மேல, முட்டை வைக்கிறதுக்கான கூடு மாதிரி நுரை கட்டியிருந்துச்சு. தெம்பா இருக்கிற ஆண் தனியா இருந்தாலும் நுரை கட்டும், நல்ல சகுனம்னு பூன்மா தொடையைத் தட்டினான்.

விரதம் முடிஞ்ச காலையில வாசல்ல சக்டா பிக்கப் வண்டி ஹாரன் அடிக்குது. பூன்மா வலையோட குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிரல.

நுரைக்குக் கீழ பொடிப்பொடியா குஞ்சுங்க வால் ஆடுது. ஒண்ணு நழுவிக் கீழ விழுந்துச்சு. இடி ஓடிப்போய் வாயில கவ்வி, மெதுவா நுரையில ஒட்ட வச்சுது. அடுத்தது விழுந்துச்சு. அதையும் ஒட்ட வச்சுது. கப்பிங்க எல்லாம் மூலையில கைதி மாதிரி நிக்குது. செடிக்குப் பின்னால ஒரு பழுப்பு நிறப் பொண்ணு மீன், செட்டை கிழிஞ்சு, அது பாட்டுக்கு இருக்குது.

"இவ யாரு?"

"போன வாரம் விட்டேன், செடிக்குள்ளயே பதுங்கிக்கிச்சு," லம்துவான் உதட்டுச் சாயம் போட்டுக்கிட்டே சொன்னா. "வயிறு முட்டத் தீனி, அரை மணி நேரம் மிதக்க விட்டு, விளக்கை அணைச்சு. எல்லாரோடயும் பழகும்னீங்க. பழகிடுச்சு."

இடியை எடுத்தா, கப்பிங்க பிள்ளைங்களை ஒரே வாயில முடிச்சிடும். கப்பியை எடுத்தாலும், விழுற பிள்ளையைத் தூக்க ஆள் வேணும். தாய்க்காரியே தின்னுடுவா. நாப்பது மீன் வளர்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். வலையைக் கையில வச்சுக்கிட்டு நின்னான். அடுத்த பொடி விழுந்துச்சு, இடி பிடிச்சுது. பூன்மா மூச்சு விட்டான்.

சக்டா பொறுமை போய் உள்ள வந்தான். "என்னப்பா, வர்றியா இல்லையா?"

"கதவை மெதுவா சாத்துடா, பிள்ளைங்க பயப்படும்," பூன்மா சொன்னான். தன் வாயில இருந்தா வந்துச்சுன்னு அவனுக்கே சந்தேகம்.

வண்டியில சீட்டு காலி. விரதம் முடியிற அன்னிக்கு நடக்குற படகுப் பந்தயம் போற வழியிலதான். அதைப் பாக்க லம்துவான் ஏறிக்கிட்டா. சூப்பு அடுப்புல கொதிக்குதுன்னும், எட்டு மணிக்கு ஆளுங்க சாப்பிட வருவாங்கன்னும் ஞாபகப்படுத்தினா.

பூன்மா வாசல் வரைக்கும் ஓடினான். "மூணு நாள்தான். குஞ்சுங்க நீந்திடும். அப்புறம் இடியை எடுத்துக்கிட்டு நான் கொட்டகைக்குப் போவேன், ஆமா."

"தாராளமா," வண்டியில இருந்து லம்துவான் எட்டிப் பாத்தா. "அதுக்குள்ள இடிக்கு அடுத்த பொண்ணு பாத்து வச்சிருக்கேன்."