தாங்கள் சூனியக்காரி என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு தாழ்மையான விண்ணப்பம்

பெனியேல் ஜெபமுகாம்,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய அராபா மதினி அவர்களுக்கு,

உங்கள் காலஞ்சென்ற தங்கையின் கணவன் தியோஃபிலஸ் அக்கோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால், புது ரொட்டி அடுப்பு, மாடி வீட்டின் கூரைத் தகரம் யாவும் ஆண்டவர் கிருபையால் சேதமில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் சுகம். என் மகன் கோபினா சுகமில்லை என்பதும், அவனைச் சங்கிலியில் போட்டிருக்கிறார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தங்களால் எனக்கு ஒரு சின்ன உபகாரம் ஆக வேண்டும். தாங்கள் ஒரு சூனியக்காரி என்று தயவுசெய்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

செருப்பைத் தேடாதீர்கள், மதினி. முழுவதும் படித்துவிட்டுத் தேடுங்கள்.

இது நானாகக் கேட்பதல்ல. நான் நியாயம் தெரிந்தவன், லாரி ஸ்டாண்டில் ஆயுசு முழுக்க வரிசையும் ஒழுங்கும் பார்த்தவன். போன வருஷம் கோபினா பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டபோது நம் சபைப் பெண்கள் சங்கம் பானை பானையாகச் சூப் கொண்டுவந்து இறக்கியது நினைவிருக்கும். குடித்து மாளாமல் அக்கம்பக்கத்துக்கு ஊற்றினோம். அதே பிள்ளைக்குத் தலைக்குள் உடைந்தபோது ஒரு கிண்ணம் வரவில்லை, அந்தப் பெண்களே என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். போதகர் மட்டும் ஒருநாள் வந்தார், வந்தவர் வாசலிலேயே நின்று வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி ஜெபித்தார், நான் கொண்டுவந்த தண்ணீரைக்கூட வாங்காமல் போய்விட்டார். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் போகிறவன் நம் ஊரில் உறவையே அறுத்துவிட்டுப் போகிறான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஞாயிறே பிரசங்கத்தில் அவர் “நம்மை நேசிக்கிறவர் யார்?” என்று கேட்க, பாடகர் குழுவிலிருந்து கோபினா எழுந்து, “நீங்க இல்ல பாஸ்டர்” என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கேட்டது அவர்தானே, பதில் தெரிந்தவன் சொன்னான். மறுவாரமே அவனுடைய அங்கியை வாங்கிக்கொண்டு, தெளிவு வரும்வரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு தாங்கள் அந்த நர்ஸ் அம்மாவைக் கூட்டிவந்து ஊசி போட்டு மாத்திரையும் கொடுக்கவைத்தீர்கள். இல்லை என்று சொல்லமாட்டேன், பிள்ளை தூங்கினான், சாப்பிட்டான், உங்கள் அடுப்புக்குக் கதவு செய்து கொடுத்தான், நான்கூட உங்களைப் பற்றி நல்லதாக ஏதோ நினைத்தேன். அதற்குள் சபை மூப்பர் வந்து, மாத்திரையும் வேணும் கர்த்தரும் வேணும்னா ஒரு படகுக்கு ரெண்டு பேர் சுக்கான் பிடிக்கிற மாதிரி, படகு சுத்திக்கிட்டேதான் நிக்கும் என்று விளக்கினார். மாத்திரை நின்றது. மாதம் திரும்புவதற்குள் இவன் பெரிய சாலையில் இறங்கி, லாரிகளைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவர்களிடம் பாவ அறிக்கை கேட்க ஆரம்பித்தான். எனக்குத் தெரிந்த டிரைவர்களானதால் பிரேக் போட்டார்கள், எல்லாரும் போடுவார்களா? போதகர் இந்த முகாமைக் காட்டினார், போதகர் சொன்னால் போகவேண்டியதுதானே, வந்துவிட்டோம்.

இங்கே சட்டம் என்னவென்றால், சங்கிலியில் இருப்பவனோடு வீட்டார் ஒருவர் தங்க வேண்டும், பொழுது சாயும்வரை இருவருக்கும் உபவாசம். உள்ளே இருக்கிற பிசாசுக்கு நாம் ஏன் சோறு போடவேண்டும் என்கிறார்கள். பிசாசு இளைத்ததா என்று தெரியவில்லை, பிள்ளை இளைத்துவிட்டான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது சும்மா இல்லை. நேற்று வேதாகமத்தைத் திறந்தேன், அப்பமும் மீனும் வருகிற இடமாகப் பார்த்தே கண் போகிறது. பக்கத்துத் தூணில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டியிருக்கிறார்கள். முகாமை நடத்துகிற தீர்க்கதரிசி வசனத்தைத் தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே திருத்துகிறாள், அதனால் அவளுக்கு உபவாசத்தை நீட்டித்துவிட்டார்கள். மழை பெய்தால் கொட்டகையின் ஒரு பக்கம் ஒழுகும், சங்கிலி எட்டும் மட்டும் நகர்ந்து உட்காருவார்கள். கோபினாவின் கணுக்காலில் புண் வைத்திருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன்.

இந்தத் தீர்க்கதரிசி எலியாசர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஏமாற்றுக்காரனை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியும், பிழைப்பே அதுதான். இவர் நிஜமாக நம்புகிறார், மதினி. இவர்களோடு தானும் பட்டினி கிடக்கிறார், சங்கிலி மாட்டும்போது அழுகிறார், அழுதுகொண்டே மாட்டுகிறார். அவரிடம் போய் என்னத்தைப் பேசுவது?

அவர்தான் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, இவனுடைய தாய்வீட்டில் யார் செழிப்பாக இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வெள்ளந்தியாக, அராபா மதினி மாடி கட்டியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். பிள்ளை இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். முகம் மாறிவிட்டது. பிள்ளை இல்லாதவளுக்கு மாடி எதற்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ரொட்டி சுட்டு வந்தது என்றேன், அது அவருக்குப் போதவில்லை. அவன் பிறந்தது செவ்வாய்க்கிழமை, அவள் பிறந்ததும் செவ்வாய், இருவர் பெயருமே அதைச் சொல்கிறது, அந்த வாசல் வழியாகத்தான் அவனுடைய புத்தியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று முடித்துவிட்டார். செவ்வாயில் பிறந்தவர்களையெல்லாம் பிடிப்பதென்றால் பாதிக் கடற்கரையைக் கட்டவேண்டும் ஐயா, தங்களிடம் அவ்வளவு சங்கிலி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குத் தனியாக ஒரு ஜெபம் செய்தார், எனக்காக. சரி, தகப்பன் பக்கம் ஏதாவது இருக்குமா என்று நான் விசாரித்தால், சூனியம் தாய்வழியில்தான் ஓடும், தகப்பனுக்கு இதில் பாத்தியதையே கிடையாது என்கிறார். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவன் நான், அதற்குக்கூட லாயக்கில்லையாம்.

ஆக, தாங்கள் ஒப்புக்கொள்ளாமல் சங்கிலியைக் கழற்றமாட்டார். நேரில் வரவேண்டும் என்பதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கூட்டத்தில் வாசித்துவிடுவார்கள். கோபினாவின் புத்தியை ஒரு பானைக்குள் போட்டு அடுப்புக்கடியில் புதைத்தேன், இப்போது தோண்டி எடுத்துவிட்டேன் என்று எழுதினால் போதும். எந்தப் பானை என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். கொஞ்ச நாளைக்கு ரொட்டி விற்காது, அது உண்மை. பக்கத்து ஊரில் ஒப்புக்கொண்ட அந்தக் கிழவியை வீட்டைவிட்டுத் துரத்தி, வீட்டையும் கொளுத்தினார்கள் என்று தாங்கள் சொல்லக்கூடும். அவளுடையது ஓலைக் கூரை, மதினி. உங்களுடையது தகரம்.

நான் பேசுவது எனக்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிகிறது. ஆனால் இன்று காலை கோபினா என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, “அப்பா, நான் இன்னிக்கு நல்லா நடந்துக்கிட்டா மத்தியானம் சாப்பாடு குடுப்பாங்களா?” என்று கேட்டான். என்னைவிட உயரமாக வளர்ந்த பிள்ளை. அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் மானம் எதுவும் மிச்சமில்லை. ஆகையால் மதினி, கோபப்படாமல், இரக்கமாக, வருகிற வெள்ளிக்குள் தாங்கள் சூனியக்காரியாகிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சமாதானத்தின் தேவன் தங்கள் வீட்டையும் அடுப்பையும் முழங்காலையும் காப்பாராக. அண்டை வீட்டார் யாவருக்கும் என் ஸ்தோத்திரம். விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தியோஃபிலஸ் அக்கோன்.

பி.கு.: ஞாயிறு, ஆராதனை முடிந்து. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கிழித்துப்போட்டு எழுத வேறு தாள் இல்லை. தாங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, லாரி ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிற குரலில், சூனியக்காரன் நான்தான் என்றேன். தீர்க்கதரிசி, தகப்பன் வழியில் வராதே என்று இழுத்தார். எதில் ஏறிப் பறந்தாய் என்று யாரோ கேட்டார்கள். மாங்கெசிம் போகிற முதல் வண்டியில் என்று வாயில் வந்ததைச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் எழுந்து கை தட்டியது. ஆண்பிள்ளை தானாக முன்வந்து ஒப்புக்கொள்வதை அவர்கள் பார்த்ததே இல்லையாம். அத்தனை கைதட்டலுக்கு முன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? பிள்ளை விடுதலையாகிவிட்டான் என்று அறிவித்து, சங்கிலியை அவன் காலிலிருந்து கழற்றி என் காலில் மாட்டினார். அழுதுகொண்டேதான்.

இந்தக் கடிதம் டிரைவர் அக்வாவின் சட்டைப்பையில் வரும். கோபினாவும் அதே வண்டியில் வருகிறான். கெங்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன், புறப்படாத வண்டியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. வந்ததும் அந்த நர்ஸ் அம்மாவைக் கூப்பிடுங்கள். முதலில் கணுக்காலைக் காட்டுங்கள், பிறகு ஊசி. மாத்திரை விஷயத்தில் எந்த மூப்பர் வந்தாலும் அந்தச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை மீட்க இப்போது யாரும் வர வேண்டாம். இங்கே கலாட்டா ஆனால் அவனைத் திரும்பக் கேட்பார்கள்.

கடிதத்தை அவன் கண்ணில் காட்டாதீர்கள். ஏனென்றால் நான் சொன்னதை அவனும் நம்பிவிட்டான். வண்டியில் ஏறுவதற்கு முன் எட்ட நின்று, “நான் உங்களுக்கு என்னப்பா பண்ணினேன்?” என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நேரே தீர்க்கதரிசியிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மருந்து பிடித்து, நன்றாகத் தூங்கி, ஆள் தெளிந்த பிறகு ஒருநாள், மதினி, அது நான் இல்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.