ஒரு விசாவுக்கு ஒன்பது பேர்

பள்ளிக்கூட நாடகத்தில் பரிசு வாங்கியவர்களைத் தூதரகங்களுக்குள் விடக்கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், ஆதரித்துக் கை தூக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பரிசு வாங்கியவள் என்ற முறையிலேயே சொல்கிறேன். மேடையில் ஒருமுறை கைதட்டல் கேட்டுவிட்டால் போதும், உலகமே முன்வரிசையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அது பதினாறு வயதில் வந்தது. (இன்னும் போகவில்லை என்பது என் கணவரின் கருத்து. அவரை யார் கேட்டார்கள்?)

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்பா இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிப்பவர்களை மலைமலையாகப் பிரித்துவிட்டு வேலை வாங்குவது அவருடைய பொறுப்பு. நான் பதுளையில் படித்தேன், தாவரவியலில் நல்ல புள்ளிகள் வாங்கினேன், அந்தத் திமிரில் ஒரு வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். யாரும் எதிர்பாராத விதமாக இடமும் கொடுத்து, செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். (எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அந்த நாட்டோடு எனக்கு இப்போது சமாதானம். எதற்கு வீண் வம்பு?) விசா ஒன்றுதான் பாக்கி. அது கிடைக்காவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கல்லூரி கறாராகச் சொல்லியிருந்தது. இங்கேயோ, கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில் ஆட்டும் வேலைக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தொட்டில் ஆட்ட எனக்கு மனமில்லை.

படிப்பு முடிந்ததும் நான் நிச்சயமாகத் திரும்பி வருவேன் என்று தூதரகத்தை நம்பவைக்க வேண்டும். அதற்குத் தாய்நாட்டில் எனக்கு உறுதியான பிணைப்புகள் இருப்பதை நிரூபிக்க வேண்டுமாம். இதை வீட்டில் சொன்னபோது ராசு மாமா சிரித்தார். ராசு மாமா அம்மாவின் தம்பி. துரை பங்களாவில் சமையல்காரர். வெள்ளைக்காரர்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தே ஆங்கிலம் கற்றவர்.

"நிரூபிக்கணும், அவ்வளவுதானே? அதுல நம்மள அடிச்சுக்க ஆளு ஏது?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான், இங்கேயேதான் இருந்தோம், வேறெங்கும் போய்விடவில்லை என்று நிரூபிக்க அப்பா ஆண்டுக்கணக்காக அலைந்தவர். கடைசியில் பிரஜாவுரிமை விசாரணைக்குக் குடும்பத்தோடு போய் அதிகாரிக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைக்காத பிரஜாவுரிமை எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு அப்பாவின் அலைச்சல்தான் காரணம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியது என்னவென்றால், வரிசையாகப் போய் நின்றதுதான் காரணம் என்று.

"ஒத்த ஆளாப் போயி நின்னா யாரு புள்ள நம்புவா? எல்லாரும் வர்றோம்," என்றார் அம்மா.

இந்த இடத்தில், ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது: "வந்தா மட்டும் பத்தாது. ஒத்திக பாக்கணும்."

அன்றிலிருந்து மாலைதோறும் லயத்து வாசலில் பெரட்டு நடந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க அப்பா பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்துவார். மாலையில் நான் அவரையே நிறுத்தினேன். என் பெயரைக் கேட்டதும் அம்மா கண்ணைத் துடைக்க வேண்டும். தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் என் சேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தைக்குப் பெருமூச்சு. அத்தையின் மூன்று பிள்ளைகளுக்கு ஏக்கப் பார்வை. (அவர்களுக்குப் பசிப் பார்வைதான் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.) ராசு மாமாவுக்கு ஆங்கிலப் பகுதி. அப்பாவுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. "கேட்டா மட்டும் பேசுங்கப்பா. உண்மையச் சொன்னாப் போதும்," என்று சொல்லிவைத்தேன். அந்த நாடகத்தில் நான் செய்த மகா தவறு அதுதான்.

துரைமாரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ராசு மாமா வெலிமடைக்குப் போய் ஒரு சாக்கு நிறைய லீக்ஸும் கரட்டும் வாங்கிவந்தார். முந்தின நாளே ரயிலேறிக் கொழும்புக்குப் போய், எங்களுக்குப் பழக்கமான பதுளைக் கடைக்காரர் ஹனீபா நானாவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை, புதுச்சேலையில் நானும், எனக்குப் பின்னால் ஒன்பது பேரும், ஒன்பது பேருக்குப் பின்னால் சாக்கும் தூதரக வாசலில் போய் நின்றோம்.

காவலாளி எங்களை எண்ணிப் பார்த்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார். "ஒராள்தான் உள்ளுக்குப் போகலாம்," என்றார்.

"ஃபேமிலி, சேர். ஃபுல் ஃபேமிலி," என்றார் ராசு மாமா, பங்களாவில் விருந்து தயார் என்று அறிவிக்கும் குரலில். சத்தம் கேட்டு அதிகாரியே வெளியே எட்டிப் பார்த்தார். இளைஞர்தான், கொழும்பு வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. என்ன நினைத்தாரோ, எல்லோரையும் உள்ளே விடச் சொன்னார். அறைக்குள் போனதும் சொல்லிக்கொடுத்தபடி உயர வரிசையில் நின்றோம். சாக்கு அதிகாரியின் மேசையோரமாக உட்கார்ந்தது.

"இதில் மாணவி யார்?" என்று கேட்டார் அவர்.

"நான்."

"மற்றவர்கள்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஓர் அடி முன்னால் வந்தேன். கையை விரித்தேன். பரிசு வாங்கித் தந்த அதே குரலில், "இவர்கள்தான் என் பிணைப்புகள்!" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

கைதட்டல் வரவில்லை. அதிகாரி சாக்கைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மகள் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார். அம்மா சொன்னபடி கண்ணைத் துடைத்தார். ஆனால் துடைக்கத் துடைக்க நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"இவள விட்டுட்டு நாங்க ஒருநாளும் இருந்ததில்லீங்க. இவ எங்க இருக்காளோ, அங்கதாங்க நாங்களும் இருப்போம்."

மொழிபெயர்ப்பாளர் மனசாட்சியுள்ள மனிதர். ஓர் எழுத்து குறையாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள், அக்காவுக்கு உதவிசெய்வதாக எண்ணி ராசு மாமா முன்னால் வந்தார்.

"யெஸ், சேர்! ஷீ கோ, வீ கோ! ஆல் கோ, சேர்!"

எங்கள் மனசெல்லாம் அவள் பின்னாலேயே போகும் என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. ஈரலுக்கும் நாக்குக்கும் ஆங்கிலம் தெரிந்த மனிதர், மனசுக்குத் தெரியவில்லை. பங்களாவில் அதைச் சமைப்பதில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவிடம் திரும்பினார். "உங்களுக்குப் பதுளையில் சொந்த வீடு இருக்கிறதா?"

"லயம் தோட்டத்தோடதுங்க."

"நிலம்?"

"அதுவும் தோட்டத்தோடதுதாங்க."

"உங்களுடையது என்று ஏதாவது?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "மாடு ஒண்ணு இருந்துச்சுங்க. நல்ல கறவ மாடு."

"இப்போது எங்கே?"

"வித்தாச்சுங்க. இவ பயணத்துக்காக."

உண்மையைச் சொன்னால் போதும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்! அந்த மனிதர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

"உங்கள் குடும்பத்தின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை," என்றார் அதிகாரி என்னிடம். "ஆனால் அந்தப் பாசம் முழுவதும் இந்த அறைக்குள் நிற்கிறது. மாட்டைக்கூட விற்றுவிட்டீர்கள். எல்லோரும் கிளம்பிவிட்டால், நீங்கள் திரும்பி வர இங்கே யார் மிச்சம்? என்னால் விசா தர முடியாது. மன்னிக்கவும்."

அவர் பேசிய ஆங்கிலம் மற்றவர்களுக்குப் புரியவில்லை. ராசு மாமாவுக்குக் குரலின் மரியாதை மட்டும் புரிந்தது. "தேங்க்யூ, சேர்! வெரி குட்!" என்று வணங்கிவிட்டு எல்லோரையும் வெளியே நடத்திச் சென்றார். வாசலுக்கு வந்ததும், "கெடச்ச மாதிரிதான்," என்று அத்தையிடம் சொன்னார். அத்தை இப்போதுதான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அம்மா என் கன்னத்தைத் தடவினார். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"ஆமா கண்ணு, காய்கறிய தொரை கையில குடுத்தியா? சும்மா வச்சிட்டு வந்தா மரியாதயில்லியே," என்றார் ராசு மாமா.

திரும்பி உள்ளே போனேன். அழுகையை அடக்க அடக்க ஆத்திரம்தான் வந்தது. அதிகாரி சாக்கைப் பிரித்து, ஒரு லீக்ஸைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்கள் பயண மூட்டை இல்லையா?"

"உங்களுக்குக் கொண்டுவந்தது. சூப் வைக்கலாம்," என்றேன்.

"எல்லோரையும் ஏன் கூட்டிவந்தீர்கள்?"

சொன்னேன். இந்தத் தடவை நாடகக் குரல் வரவில்லை. இந்த நாட்டவர் என்று நிரூபிக்க அப்பா அலைந்ததையும், நாங்கள் வரிசையில் நின்றதையும், அதுபோல நின்றால்தான் நம்புவார்கள் என்று எங்கள் வீட்டில் நினைப்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் லீக்ஸைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"சரி. ஆனால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இவர்களைப் பார்த்தீர்கள் அல்லவா? நான் வராவிட்டால் இவர்கள் சும்மா இருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஒன்பது பேரும் என்னை இழுத்துப்போக உங்கள் நாட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் மாமா அங்கேயும் ஆங்கிலம் பேசுவார். அதைத் தாங்க உங்கள் அரசாங்கத்தால் முடியுமா? என்னால் முடியாது. அதனால் நானே வந்துவிடுவேன்."

அவர் சிரித்தார். மூக்கோடு காதும் சேர்ந்து சிவக்கும்வரை சிரித்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார்.

போனேன். படித்தேன். குளிரில் விறைத்து, பனியில் வழுக்கி விழுந்து, பட்டமும் வாங்கினேன். கடைசி ஆண்டில் அங்கேயே ஒரு வேலை வந்தது. ஆசை யாரை விட்டது? இன்னும் ஓரிரு வருடம் இருந்துவிட்டு வருகிறேனே என்று வீட்டுக்கு எழுதினேன். பதிலாகக் கடிதம் வரவில்லை. பதுளை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த புகைப்படம் வந்தது. ஒன்பது பேரும் உயர வரிசையில், காதில் எண்ணெய் மினுங்க, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்பக்கம் ராசு மாமா எழுதியிருந்தார்: "பாஸ்போட்டுக்கு போட்டோ புடிச்சாச்சு."

பார்த்துப் பார்த்துச் சிரித்தேன், பிறகு நெடுநேரம் அழுதேன். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே ஊர் வந்து சேர்ந்தேன். நாட்டுப்பற்றால் திரும்பி வந்தவள் என்று பிற்பாடு ஒரு பாராட்டுக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வீட்டார் உட்கார்ந்திருந்த வரிசை மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

ராசு மாமா கடைசிவரைக்கும் தம்முடைய ஆங்கிலத்தால்தான் விசா கிடைத்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது வெளியூர் போய் ஊர் திரும்பத் தாமதித்தால், வா என்று யாரும் கெஞ்சுவதில்லை. போன வாரம் கனடாவிலிருந்து என் மகன் பேசினான். வேலை நெருக்கடியாம், இந்தத் தீபாவளிக்கும் வர முடியாதாம். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

"அதனால என்னப்பா? நாங்க எல்லாரும் நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போறோம்," என்றேன்.

மறுநாள் காலையிலேயே டிக்கட் எடுத்துவிட்டான்.